கன்று போட்ட மாடு தீவனத்தை ஒதுக்கினால்: கீட்டோசிஸ் பற்றி நீலகிரி மாட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கத்து ஊர்களிலும் ஹட்டிகளிலும் (படகர் கிராமங்கள்) கலப்பின ஜெர்சி மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும்போது திரும்பத் திரும்ப என் காதில் விழும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

டாக்டர், கன்று போட்டு பன்னிரண்டு நாள் ஆச்சு. வைக்கோல் கடிக்குது, தீவனத்தை மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்குது. காய்ச்சலும் இல்லை. என்னவா இருக்கும்?

முதலில் கீட்டோசிஸ், அதாவது உடம்புக் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கீட்டோன் என்ற பொருள் கூடிவிடும் நோய் என்றுதான் சந்தேகப்படுவேன். இந்த நோயில் மாடு ஒரேயடியாகத் தின்பதை நிறுத்தாது. முதலில் அடர்தீவனத்தை ஒதுக்கும், பிறகு பசும்புல்லில் ஆர்வம் குறையும், வைக்கோலை மட்டும் கொறித்துக்கொண்டு நிற்கும். பால் நாளுக்கு நாள் இறங்கும். சாணம் கெட்டியாகி, மேலே சளி பூசியது போலப் பளபளக்கும். இடுப்பெலும்பு ஒரு வாரத்துக்குள் துருத்திக்கொண்டு தெரியும். சில மாடுகளின் மூச்சில் நகப்பூச்சு கழுவும் திரவத்தின் வாசனை வரும். எல்லா மூக்குக்கும் அந்த வாசனை எட்டாது. வீட்டில் ஒருவருக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. அதனால் வாசனை இல்லை, நோயும் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஆனால் தீவனம் ஒதுக்கும் மாட்டுக்கெல்லாம் கீட்டோசிஸ்தான் என்றும் சொல்ல முடியாது. கருப்பையில் சீழ், மடிநோய், இரைப்பையில் கம்பி, நான்காம் வயிறு இடம் பெயர்வது எல்லாமே இதே வாரங்களில் வரும். இவற்றில் ஏதாவது ஒன்றால் மாடு இரண்டு நாள் பட்டினி கிடந்தால், அந்தப் பட்டினியாலேயே கீட்டோசிஸும் சேர்ந்துகொள்ளும்.

உள்ளே அப்படி என்னதான் ஆகுது? சர்க்கரை குறையுதா, கொழுப்பு கூடுதா?

இரண்டும்தான். ஒன்று மற்றதை இழுத்து வருகிறது.

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். அதை மடி, ரத்தத்தில் வரும் குளுக்கோஸிலிருந்து செய்கிறது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 70 கிராம் குளுக்கோஸ் போகிறது. 15 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு, பாலுக்கு மட்டும் தினம் ஒரு கிலோவுக்கு மேல் குளுக்கோஸ் வேண்டும். நாம் சோறு தின்றால் குளுக்கோஸ் குடலிலிருந்து நேராக ரத்தத்துக்கு வந்துவிடும். மாட்டுக்கு அந்த வசதி கிடையாது. தின்பதில் பெரும்பகுதியைப் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களாக்கித்தான் தருகின்றன. அவற்றில் முக்கியமாகப் புரோப்பியோனேட்டை எடுத்துக் கல்லீரல் குளுக்கோஸ் செய்கிறது. ஆக மாட்டின் கல்லீரல் ஓய்வில்லாமல் ஓடும் சர்க்கரை ஆலை. வயிற்றுக்குத் தீவனம் போகவில்லை என்றால் ஆலைக்குக் கரும்பு வரவில்லை என்று அர்த்தம்.

கன்று போடுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களிலேயே மாட்டின் தீனி குறையத் தொடங்குகிறது. கடைசி வாரத்தில் கால்வாசிக்கு மேலும் குறையலாம். கன்று விழுந்ததும் பால் பாய்ந்து ஏறுகிறது, தீனியோ மெல்ல மெல்லத்தான் ஏறுகிறது. இந்த இடைவெளியை அடைக்க மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கிறது. இது இயற்கை, எல்லாக் கறவை மாட்டிலும் நடப்பது. கரைந்த கொழுப்பு, கொழுப்பு அமிலமாக ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்கு வருகிறது. அங்கே அதற்கு மூன்று வழி: முழுதாக எரிந்து சக்தியாவது, பாதி எரிந்து கீட்டோன் ஆவது, திரும்பக் கொழுப்பாகிக் கல்லீரலிலேயே படிவது.

மாட்டின் கல்லீரல் கொழுப்பை உள்ளே வாங்குவதில் கெட்டி, வெளியே அனுப்புவதில் மந்தம். மே மாத சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டிகள் ஏறி வருவதை நினைத்துப் பாருங்கள். கீழே எத்தனை வண்டி வேண்டுமானாலும் வந்து சேரலாம், கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொன்றாகத்தான் திரும்ப முடியும். வரிசை நீண்டதும் ஓரத்தில் நிறுத்துகிறார்கள். கல்லீரலில் அப்படி நிற்கும் வண்டிகள்தான் கொழுப்புப் படிவு. கொழுப்பு படிந்த கல்லீரலுக்குச் சர்க்கரை செய்யும் தெம்பும் குறைகிறது. சர்க்கரை குறைந்தால் இன்னும் கொழுப்பு கரைகிறது. ரத்தத்தில் கீட்டோன் கூடக்கூட மாட்டுக்குப் பசியும் மங்கிவிடுகிறது.

கொழுத்த மாடுதானே நல்ல மாடு? நம்ம மாடு கன்று போடும்போது தேர் மாதிரி இருந்துச்சே.

தேர் மாதிரி இருந்த மாடுதான் எனக்குக் கவலை. இந்தப் பக்கத்தில் நான் பார்க்கும் மோசமான கீட்டோசிஸ் மெலிந்த மாட்டில் வருவதில்லை. கன்று போட்டு முதல் பத்து நாளுக்குள், கொழுத்த மாட்டில்தான் வருகிறது. அதிகக் கொழுப்பு சேர்ந்த மாடு கன்று போடும் சமயத்தில் மற்ற மாடுகளைவிடக் குறைவாகத் தின்னும். கரைக்கக் கையிருப்பும் அதற்கு அதிகம். மூன்று முதல் ஆறாம் வாரத்தில், பால் உச்சத்துக்கு ஏறும்போது தீவனம் போதாமல் வருவது இன்னொரு வகை. அதில் கல்லீரல் நன்றாகவே இருக்கும், வைத்தியத்துக்குச் சீக்கிரம் கேட்கும்.

மாட்டைப் பின்னாலிருந்து பாருங்கள், கையாலும் தடவுங்கள். வாலடியின் இரண்டு பக்கமும் இலேசான குழி இருக்க வேண்டும். இடுப்பெலும்பு உருண்டையாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கடைசி விலா எலும்புகளை அழுத்தினால் எண்ண முடிய வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட்டால் கன்று போடும்போது 3 முதல் 3.5 போதும். வாலடி மேடாகி, எலும்பைத் தேட வேண்டியிருந்தால் அது நான்குக்கு மேல்.

மாடு எப்படிக் கொழுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சினைப் பருவத்தைத் தவற விடுகிறோம், சினை ஊசி இரண்டு தடவை தங்காமல் போகிறது, மாடு பத்துப் பன்னிரண்டு மாதம் கறவையிலேயே நிற்கிறது. பால் மூன்று லிட்டருக்கு இறங்கிய பிறகும் பழைய அளவிலேயே தீவனம் விழுகிறது. மிஞ்சியது முழுக்கக் கொழுப்பாகிறது. அடுத்த ஈற்றில் கீட்டோசிஸ், அதனால் மறுபடி பருவம் தள்ளிப்போகிறது, மறுபடி கொழுக்கிறது. ஒரே வீட்டில் ஒரே மாட்டுக்கு ஈற்றுக்கு ஈற்று இது வருவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சுழல்தான்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் வற்றுக்காலத்தில் மாட்டைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கப் பார்க்கிறார்கள். அது நோயைக் கையைப் பிடித்து அழைத்து வருவது. சினையின் கடைசி இரண்டு மாதத்தில் தீனியைக் குறைத்தால், கன்று போடும் முன்பே கொழுப்பு கரைந்து கல்லீரலில் ஏறிவிடும். இளைக்க வைக்க வேண்டுமானால் கறவையின் கடைசி மூன்று மாதத்தில், கறக்கும் பாலுக்கேற்பத் தீவனத்தை அளந்து போட்டுச் செய்யுங்கள்.

சொசைட்டியில் ஃபேட் கூடிப்போச்சு. நல்லதுதானே?

கன்று போட்டு முதல் மூன்று வாரத்துக்குள் என்றால் சந்தோஷப்படாதீர்கள். கரைந்து வரும் உடம்புக் கொழுப்பு மடி வழியாகவும் வெளியேறுகிறது. அதனால் ஃபேட் ஏறும், தீனி போதாததால் புரதமும் எஸ்.என்.எஃப்-பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இறங்கும். 4.5 காட்டிக்கொண்டிருந்த மாடு ஒரே வாரத்தில் 6 காட்டி, எஸ்.என்.எஃப் எட்டை ஒட்டி விழுந்தால் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். நாலு மாட்டுப் பாலை ஒரே கேனில் ஊற்றி எடுத்த சீட்டில் இது தெரியாது. அந்த ஒரு மாட்டுப் பாலைத் தனியாக, முழுக்கக் கறந்து கலக்கி எடுத்த மாதிரியில் பார்க்க வேண்டும். கடைசிச் சொட்டுப் பாலை மட்டும் எடுத்தால் எந்த மாட்டுக்கும் ஃபேட் கூடத்தான் காட்டும்.

சர்க்கரை குறைஞ்சிருக்குன்னா வெல்லம் கரைச்சு ஊத்தலாமே?

எல்லாரும் கேட்பது, நியாயமான கேள்வியும்கூட. ஆனால் வாய்வழி போகும் வெல்லம் பெருவயிற்றைத் தாண்டுவதற்குள் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும். ரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போய்ச் சேருவது சொற்பம். அதோடு, சர்க்கரை புளித்தால் பியூட்டிரேட் நிறைய வரும். பியூட்டிரேட்டிலிருந்து கிடைப்பது கீட்டோன்தான். இரண்டு கிலோ வெல்லத்தை ஒரே வேளையில் ஊற்றி, பெருவயிறு புளித்து மாடு படுத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். கன்று போட்ட அன்று தவிட்டுத் தண்ணியில் கைப்பிடி வெல்லம் போட்டுக் குடிக்க வைப்பதில் தப்பில்லை. தண்ணி உள்ளே போக அது உதவும். அதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

வாய்வழி கொடுப்பதில் வேலை செய்வது புரோப்பிலின் கிளைக்கால். அதில் ஒரு பங்கு அப்படியே உறிஞ்சப்பட்டுக் கல்லீரலில் குளுக்கோஸாகிறது, ஒரு பங்கு பெருவயிற்றில் புரோப்பியோனேட் ஆகிறது. பெரிய மாட்டுக்கு வழக்கமான அளவு நாளுக்கு 300 மில்லி, மூன்று முதல் ஐந்து நாள். நம் ஊர்ச் சின்ன ஜெர்சிக்கு எடையைப் பார்த்துக் குறைத்துச் சொல்வோம். கூடினால் மாடு போதையேறியது போலத் தள்ளாடும். ஊற்றும்போது தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள், நாக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள். மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும்.

கேரட், பீட்ரூட் தழை, கோஸ் இலைன்னு தோட்டத்துல மலை மாதிரி கிடக்கு. வயிறு முட்டத் தின்னுதே, அப்புறம் எப்படிச் சத்து போதாம போகும்?

வயிறு முட்டுவது தண்ணீரால். கோஸ் இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 20 கிலோ கோஸ் இலை தின்ற மாட்டுக்கு உலர்பொருளாகக் கிடைப்பது இரண்டு கிலோதான். 350 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளுக்கு ஒன்பது, பத்துக் கிலோ உலர்பொருள் வேண்டும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று உங்களுக்கே புரியும். கேரட் கொஞ்சம் தேவலாம். பீட்ரூட் தழையில் ஆக்சலேட் இருக்கிறது, அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். அதனால் கன்று போடும் வாரங்களில் அதைக் கையளவோடு நிறுத்துங்கள். முழு உருளைக்கிழங்கு தொண்டையில் அடைத்துக்கொள்ளும், நறுக்கித்தான் போட வேண்டும்.

வைக்கோல் கீழே இருந்து லாரியில் ஏறி வர வேண்டும், விலை கசக்கிறது, உண்மைதான். ஆனாலும் சினை மாட்டுக்குக் கடைசி மூன்று வாரமும் கன்று போட்ட பிறகு மூன்று வாரமும் வைக்கோலில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். மற்ற நாட்களில் வேண்டுமானால் கோஸ் இலையால் சமாளித்துக்கொள்ளுங்கள்.

மாடு சுவரை நக்குது, கயித்தைக் கடிக்குது, ஆளைக் கண்டா முட்ட வருது. வெறிநோயா?

முதலில் வெறிநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாயில் கை விடக்கூடாது. வெறிநோய்த் தடுப்பூசி தயாரித்த பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கும் குன்னூர்ப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஒரு ஜனவரிக் காலை. தேயிலைச் செடிமேல் உறைபனி இன்னும் உருகவில்லை. கொட்டகைச் சுவரில் வெள்ளையடித்த சுண்ணாம்பை ஒரு மாடு விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. நாக்கு உரசி உரசிச் சுவரில் முறத்தளவு மண் தெரிந்தது. எச்சில் ஒழுகியது. கன்று போட்டுப் பதினைந்து நாள். வீட்டில் எல்லாரும் முந்தின நாள்வரை அந்தப் பாலைக் குடித்திருந்ததால் நடுங்கிப்போய் நின்றார்கள். தொழுவத்து மூலையில் அது பெய்த மூத்திரத்தைச் சிரட்டையில் பிடித்துச் சோதனைக் குழாயில் ஊற்றினேன். ஊதா வளையம் எழும்பியது. குளுக்கோஸ் ஏற்றி ஒரு மணி நேரத்தில் நக்குவதை நிறுத்திவிட்டு வைக்கோல் பக்கம் திரும்பியது. நரம்பைத் தாக்கும் கீட்டோசிஸ் இப்படித்தான் விட்டுவிட்டு வரும், குளுக்கோஸுக்குக் கட்டுப்படும். வெறிநோய் எதற்கும் கட்டுப்படாது, நாளுக்கு நாள் முற்றும். நாய் கடித்த சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும் நான் முதலில் கையுறையைத்தான் தேடுவேன்.

அந்த ஊதா வளையம் என்ன சோதனை? சர்க்கரை நோய்க்காரர் மிஷினில் பார்க்கலாமா?

ரோத்தரா சோதனை. அம்மோனியம் சல்பேட் தூளில் துளி சோடியம் நைட்ரோபுருசைடு கலந்து வைத்திருப்போம். ஐந்து மில்லி மூத்திரத்தில் அந்தத் தூளைக் கரையாமல் அடியில் தங்கும்வரை போட்டுக் குலுக்கி, குழாயின் ஓரமாக அம்மோனியா திரவத்தை மெல்ல வழிய விட்டால், கீட்டோன் இருக்கும் மூத்திரத்தில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா நிற வளையம் வரும். இது அசிட்டோ அசிட்டேட், அசிட்டோன் என்ற இரண்டு கீட்டோன்களைத்தான் காட்டும். ரத்தத்தில் மிகுதியாக இருக்கும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற மூன்றாவது கீட்டோனைக் காட்டாது.

வீட்டுச் சர்க்கரை மிஷின் போதாது. அதே மாதிரி இருக்கும் கீட்டோன் மீட்டரில், கீட்டோனுக்கென்றே உள்ள பட்டையைச் செருகி மாட்டு ரத்தம் ஒரு துளி வைத்தால் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் அளவு வரும். லிட்டருக்கு 1.2 மில்லிமோலுக்கு மேல் என்றால் மறைமுக கீட்டோசிஸ், 3-ஐத் தொட்டால் பெரும்பாலும் வெளியே தெரியும் நோய். மறைமுக வகையில் மாடு நன்றாக இருப்பது போலவே நிற்கும். பால் ஒன்றிரண்டு லிட்டர் குறைவாகக் கறக்கும், பருவம் தள்ளும், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும்.

பாட்டில் ஏத்தினதும் எந்திரிச்சுத் தின்னுச்சு. மூணாம் நாள் பழையபடி. மருந்து சரியில்லையா?

மருந்து சரிதான், கணக்கு போதவில்லை. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 125 கிராம் சர்க்கரை. மாட்டின் ஒரு நாள் தேவை ஒரு கிலோவுக்கு மேல் என்று முன்பே சொன்னேன். பாட்டில் தருவது சில மணி நேரத் தெம்பு. அந்தத் தெம்பில் மாடு தின்னத் தொடங்க வேண்டும், புரோப்பிலின் கிளைக்கால் நாலைந்து நாள் விடாமல் போக வேண்டும், கருப்பையில் சீழோ மடிநோயோ இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பி12 ஊசி போடுவதுண்டு. ஸ்டீராய்டு ஊசி சில மாட்டுக்கு உதவும், தொற்று இருக்கும் மாட்டுக்கு ஆகாது. அதனால்தான் முதல் நாள் எழுந்துவிட்டது என்று இரண்டாம் நாள் போன் செய்யாமல் விடுபவர்களிடம் எனக்குக் கோபம் வரும். எத்தனை தடவை ஏற்றியும் திரும்பி வந்தால், இடப்பக்க விலாவில் சுண்டிக் கேட்டு நான்காம் வயிறு ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கால்சியம் பாட்டில் வீட்டில் இருக்கு. அதை ஏத்தினா?

கால்சியம் பால் காய்ச்சலுக்குத்தான், அது வேறு நோய். அது பெரும்பாலும் கன்று போட்ட மூன்று நாளுக்குள் வரும். காது சில்லிடும், மாடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும், எழ முடியாது. கீட்டோசிஸ் மாடு பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருக்கும். கால்சியத்தை ரத்தக்குழாயில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பழக்கமில்லாத கை அவசரப்பட்டு ஏற்றி, பாட்டில் முடிவதற்குள் மாடு முடிந்த கதை ஒன்றுக்கு மேல் எனக்குத் தெரியும்.

கன்று போடறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

60 நாள் முன்பு பாலை வற்ற வையுங்கள். முதல் ஐந்து வாரம் புல்லும் வைக்கோலும் தாது உப்பும் பெரும்பாலும் போதும். கடைசி மூன்று வாரத்தில், கன்று போட்ட பின் கொடுக்கப்போகும் அதே தீவனத்தை அரைக் கிலோவில் தொடங்கி ஒன்றரை, இரண்டு கிலோவரை ஏற்றுங்கள். வயிற்று நுண்ணுயிர்கள் பழக வேண்டும் என்பதற்காக. கன்று போட்ட பிறகும் ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு நாளுக்கு அரைக் கிலோ வீதம் கூட்டி, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற கணக்குக்குக் கொண்டுவாருங்கள்.

தினமும் காலையில் தொட்டியில் என்ன மிச்சம் கிடக்கிறது என்று பாருங்கள். மடி எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பார்க்க வருபவர்கள் நிறையப் பேர், தொட்டியைக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

குளிர்தான் காரணமா?

நேரடியாக இல்லை. காய்ந்த தரையும் காற்று மறைப்பும் இருந்தால் மாடு குளிரைத் தாங்கும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் உறைபனி கிக்குயு புல்லைக் கருக்கிவிடும், தொட்டித் தண்ணீர் பல் கூசும் சில்லிப்பில் மாடு குடிப்பதைக் குறைக்கும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். கன்று போட்ட மாட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணி காட்டுங்கள்.

இந்த மாட்டுப் பாலைக் குடிக்கலாமா? மத்த மாட்டுக்கு ஒட்டுமா? எருமைக்கு வருமா?

கீட்டோசிஸுக்காக மட்டும் பாலைக் கொட்ட வேண்டாம், காய்ச்சிக் குடிக்கலாம். ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தால் சொல்லும் நாள்வரை சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது. ஒட்டாது. எருமைக்கும் வரும், பசுவைவிடக் குறைவு.

டாக்டர் வர நேரமாகும்னா மூத்திரத்தை நாங்களே பிடிச்சு வைக்கலாமா?

தாராளமாக. பெண்குறிக்குக் கீழே, மடிக்கு மேலே உள்ள தோலை விரல்களால் மேலும் கீழுமாக மென்மையாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள், ஒன்றிரண்டு நிமிடத்தில் பெய்துவிடும். நடுவில் வருவதைப் பிடியுங்கள். பாட்டிலை நிரப்பி மூடியை இறுக்குங்கள், திறந்து வைத்தால் அசிட்டோன் ஆவியாகிவிடும். அன்றைக்கே கொண்டு வாருங்கள். மாடு படுத்துவிட்டால் காத்திருக்காமல் கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்குப் போன் போடுங்கள். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகு பிடியுங்கள். போன மாதம் ஒருவர் தேங்காயெண்ணெய் பாட்டிலில் கொண்டு வந்தார், வளையம் தெரியாமல் எண்ணெய்தான் மிதந்தது, திரும்ப ஏழு கிலோமீட்டர் நடந்து போனார்.